ஸ்க்ரோல் சா பிளேடு உடைந்துகொண்டே இருக்கிறது, மெஷினை மாற்றலாமா?

பெங்களூர் கே.ஆர்.புரத்தில் அடுக்குமாடி வீடு, பால்கனியில் 16 அங்குல ஸ்க்ரோல் சா (மெல்லிய பிளேடு ஏறி இறங்கி வளைவுகளை வெட்டும் மின் ரம்பம்), வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. அப்பாவின் பெயரைத் தமிழிலும் கன்னடத்திலும் மரத்தில் வெட்டி வாசலில் மாட்ட ஆசை. ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளேடு உடைகிறது, கோட்டை விட்டு வலது பக்கம் ஓடுகிறது, வெட்டிய ஓரம் கருகுகிறது, கீழ்வீட்டில் சத்தம் என்கிறார்கள். இதை விற்றுவிட்டு விலை கூடிய மெஷின் எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் தெரிந்துகொள்ள நினைப்பது, கோளாறு மெஷினிலா அல்லது உங்கள் கையிலா என்பது என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் எழுதுகிறேன். மெஷினை இப்போது விற்காதீர்கள். நீங்கள் சொன்ன நான்கு குறையில் மூன்று, பிளேடையும் அதை மாட்டும், ஓட்டும் விதத்தையும் சரிசெய்தாலே போய்விடக்கூடியவை. நான்காவதான சத்தத்துக்கும் வழி இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் பீன்யாவில் ஒரு ஃபவுண்டரியில் 31 வருடம் பேட்டர்ன் மேக்கராக இருந்தவன். இரும்பை ஊற்றுவதற்கு முன் மணலில் பள்ளம் எடுக்க மரத்தில் ஓர் உரு செய்ய வேண்டும், அதுதான் பேட்டர்ன். பம்ப் மூடியிலும் கியர் பெட்டியிலும் எழுத்துகள் மேடாக நிற்கும் அல்லவா, அந்த மாதிரி எழுத்துகளை நாங்கள் கையால் ஃப்ரெட் சா என்ற மெல்லிய பிளேடு பூட்டிய கைரம்பத்தில் வெட்டி ஒட்டுவோம். ஓய்வு பெற்ற பிறகு அல்சூரில் வீட்டு மாடி அறையில் ஒன்பது வருடமாக ஸ்க்ரோல் சா வைத்திருக்கிறேன், அதுவும் உங்களுடையதைப் போல ஆரம்பநிலை 16 அங்குல மெஷின்தான். மரம், பல், ரம்பம் பற்றிச் சொல்வதை உறுதியாகச் சொல்வேன். விலை உயர்ந்த வெளிநாட்டு மெஷின்களில் ஒன்றிரண்டை மட்டும் ஓட்டிப் பார்த்திருக்கிறேன், அவற்றை ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. உங்கள் மெஷினையும் நான் தொட்டுப் பார்க்கவில்லை, இதை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் பிளேடு. உங்கள் மெஷினோடு பெட்டியில் வந்தது இரண்டு முனையிலும் குறுக்கே சின்ன ஆணி வைத்த பிளேடாக இருக்கும். மாட்டுவது சுலபம் என்பதைத் தவிர அதில் வேறு நன்மை எனக்குத் தெரியவில்லை. தடிப்பாக இருக்கும், எழுத்தின் சின்ன வளைவில் திரும்பாது, எழுத்துக்குள் இருக்கும் வட்டம் போன்ற உள்வெட்டுக்கு அந்த ஆணி நுழையும் அளவுக்குப் பெரிய துளை போட வேண்டும். ஆணி இல்லாத, வெறும் முனை கொண்ட 5 அங்குல பிளேடுக்கு மாறுங்கள். இந்த வகை மெஷின்கள் பலவற்றில் அதற்கான கிளாம்ப் (பிளேடின் முனையைத் திருகி இறுக்கும் பிடி) அல்லது அடாப்டர் கூடவே வரும், பெட்டியில் தேடிப் பாருங்கள், அதை என்னவென்று தெரியாமல் ஓரமாகப் போட்டுவைத்திருப்பவர்கள் நிறையப் பேர். இந்த பிளேடுகள் டஜன் கணக்கில் விற்பனை ஆகின்றன. அப்படி விற்பதற்கே காரணம் இருக்கிறது. இது உளி மாதிரி தீட்டித் தீட்டி வைத்துக்கொள்ளும் கருவி கிடையாது, உப்புத்தாள் மாதிரி தேயத் தேய மாற்றவேண்டிய பொருள். கடின மரத்தில் இருபது நிமிடம் ஓடினாலே நல்ல பிளேடு மழுங்கத் தொடங்கிவிடும். மழுங்கிய பிளேடை நாம் அழுத்துவோம், அழுத்தினால் வளையும், வளைந்தால் சூடாகி உடையும். உங்கள் பத்து நிமிடக் கணக்கில் பாதிக்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

மீதிப் பாதி, இழுவிசை. புதிதாகத் தொடங்குபவர்கள் எல்லோருமே பிளேடு அறுந்துவிடுமோ என்று பயந்து தளர்வாக மாட்டுவார்கள், தளர்வாக மாட்டினால்தான் அது சீக்கிரம் அறுகிறது. மாட்டியபின் விரலால் வீணைத் தந்தியைப் போலச் சுண்டிப் பாருங்கள். மந்தமாக ‘டொப்’ என்றால் போதாது, கணீரென்று உயர்ந்த சுருதியில் ஒலிக்க வேண்டும். விரலால் பக்கவாட்டில் தள்ளினால் 3 மிமீக்கு மேல் நகரக் கூடாது. இழுத்த பிளேடு கொஞ்ச நேரத்தில் தானே தளர்ந்துவிடுகிறது என்றால் கிளாம்ப் வழுக்குகிறது என்று பொருள். புது பிளேடில் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவியிருப்பார்கள், அந்த எண்ணெயோடு மாட்டினால் எந்தத் திருகும் பிடிக்காது. இரண்டு முனையையும் உப்புத்தாளில் ஒருமுறை இழுத்துத் துடைத்துவிட்டு மாட்டுங்கள், கிளாம்பின் வாய்க்குள்ளும் உப்புத்தாள் துண்டை விட்டு எண்ணெயை எடுங்கள். என் மெஷினில் முதல் மூன்று மாதம் நான் திண்டாடிய வழுக்கல் இந்த ஒரே வேலையில் நின்றது.

பிளேடு எந்த இடத்தில் உடைகிறது என்றும் பாருங்கள். கிளாம்பை ஒட்டி உடைந்தால், கோணலாகப் பிடித்திருக்கிறது அல்லது அளவுக்கு மீறி இழுத்திருக்கிறீர்கள். நடுவில், பல் இருக்கும் இடத்தில் உடைந்தால் மழுங்கியதைத் தள்ளியிருக்கிறீர்கள், அல்லது திருப்பும்போது பக்கவாட்டில் நெருக்கியிருக்கிறீர்கள். இதை நூறு சதவீத விதி என்று சொல்ல மாட்டேன், ஆனால் பத்தில் எட்டு முறை எனக்குப் பொருந்தியிருக்கிறது.

அப்புறம் நம்பர். எண் கூடக் கூட பிளேடு தடிக்கும், பல் பெரிதாகும். 2/0 என்பது மிக மெல்லியது, 1, 3, 5, 7, 9 என்று ஏறும். 5-ஆம் நம்பர் சுமார் 1 மிமீ அகலம், 0.4 மிமீ தடிப்பு, அதையே நடுநிலை என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 மிமீ பிளைவுட்டுக்கு 2/0 அல்லது 1, 6 மிமீக்கு 3, 12 முதல் 18 மிமீ பலகைக்கு 5 அல்லது 7. எந்த நேரத்திலும் குறைந்தது மூன்று பல்லாவது மரத்துக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் இதன் அடிப்படை. பல்லின் அமைப்பில் முதலில் ‘ஸ்கிப் டூத்’ என்ற ஒரு பல் விட்டு ஒரு பல் வகையில் பழகுங்கள், தூளை நன்றாக வெளியேற்றும், சூடு குறையும். கடைசிச் சில பற்கள் மட்டும் மேல்நோக்கி இருக்கும் ‘ரிவர்ஸ் டூத்’ வகை பிளைவுட்டின் அடிப்பக்கம் சிம்பு தெறிப்பதைத் தடுக்கும், பெயர்ப்பலகைக்கு அதுதான் ஏற்றது. மாட்டும்போது அந்த மேல்நோக்கிய பற்களில் இரண்டு மூன்று, பிளேடு உச்சிக்கு வரும் நேரத்தில் மேஜைக்கு மேல் எட்டிப் பார்க்கிறதா என்று கையால் சுழற்றிச் சரிபாருங்கள், இல்லையென்றால் அவை இருந்தும் பயனில்லை. மற்ற பற்கள் கீழ்நோக்கி இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டிவிட்டுப் பலகை குதிக்கிறது என்று வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வலது பக்கம் ஓடுகிறது என்றீர்களே, அது உங்கள் கைக் கோளாறும் இல்லை, மெஷின் கோளாறும் இல்லை. சாதாரண பிளேடுகளில் பல் எடுக்கும்போது ஒரு பக்கத்தில் மட்டும் கண்ணுக்குத் தெரியாத பிசிறு நின்றுவிடும், அந்தப் பக்கம் கூர்மை கூடி அந்தப் பக்கமே இழுக்கும். பல் உங்களைப் பார்த்து இருக்கும்போது அது பெரும்பாலும் வலது பக்கம். ஆகவே பலகையை நேராகத் தள்ளாதீர்கள். கோட்டின் உங்கள் பக்கத்து முனை நான்கைந்து டிகிரி வலப்புறம் சாய்ந்திருக்கும்படி பலகையைத் திருப்பி வைத்துத் தள்ளுங்கள், கோடு பிளேடுக்குள் தானே வந்து விழும். எத்தனை டிகிரி என்பது பிளேடுக்கு பிளேடு மாறும். புது பிளேடு மாட்டியதும் வீணான துண்டில் ஒரு நேர்கோட்டை வெட்டிப் பார்த்து அந்தச் சாய்வைக் கை தெரிந்துகொள்ள வேண்டும், ஒரு வாரத்தில் பழகிவிடும்.

கருகுவதற்குக் காரணம் வேகம் கூடியும் முன்னேற்றம் குறைந்தும் இருப்பது. ஒரே இடத்தில் பிளேடு உரசிக்கொண்டே நிற்கிறது. வேகத்தைக் குறையுங்கள், உங்கள் மெஷினில் நிமிடத்துக்கு 400 முதல் 1600 வரை இருக்கக்கூடும், பாதிக்குக் கீழே வைத்துத் தொடங்குங்கள். பலகையில் ஒட்டிய படத்தாளின் மேல் பெட்டி ஒட்டும் பிளாஸ்டிக் டேப்பை ஒட்டிவிட்டு வெட்டினால் கருகல் நன்றாகக் குறைகிறது. டேப்பில் பூசியிருக்கும் வழுவழுப்பு பிளேடுக்கு எண்ணெய் மாதிரி வேலை செய்கிறது என்று ஒரு சாரார், பிளாஸ்டிக்கே உருகி வழுக்குகிறது என்று இன்னொரு சாரார். எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், பலன் மட்டும் என் கண்ணால் பலமுறை பார்த்தது. மெழுகுவர்த்தியை பிளேடில் தடவச் சொல்பவர்களும் உண்டு. நானும் தடவிப் பார்த்தேன், வித்தியாசம் உறுதியாகத் தெரியவில்லை என்பதால் சிபாரிசு செய்யவில்லை.

இன்னொரு சிக்கனம். பிளேடு ஏறி இறங்குவது 2 செமீக்கும் குறைவு, 6 மிமீ பலகையில் அதன் நடுப்பகுதியில் கொஞ்சம் பல் மட்டுமே தேய்கிறது. அது மழுங்கியதும் 12 மிமீ பிளைவுட் துண்டில் பிளேடு நுழையும் அளவுக்குத் துளை போட்டு மேஜை மேல் வைத்து, அதன் மேல் வேலையை வைத்தால் தேயாத பற்கள் வேலைக்கு வரும். துளை சின்னதாக இருப்பதால் மெல்லிய துண்டுகள் கீழே விழுந்து தொலையாமலும் இருக்கும்.

வேலை தொடங்கும் முன் மேஜை பிளேடுக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று பாருங்கள். மேஜைக்கடியில் ஒட்டியிருக்கும் டிகிரி அளவை நம்பாதீர்கள். 18 மிமீ கட்டையில் லேசாக ஒரு கீறல் வெட்டி, கட்டையை அப்படியே சுற்றி பிளேடின் முதுகுப் பக்கம் கொண்டுபோங்கள். பிளேடு அந்தக் கீறலில் சரியாக வந்து அமர்ந்தால் செங்குத்து.

இனி மரம். என் மனதுக்குப் பிடித்த பகுதி இதுதான், நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் படங்களில் காட்டும் பிர்ச் பிளைவுட் பெங்களூரிலும் கிடைக்கிறது, விலை கூடுதல், ஆனால் உள் அடுக்குகளில் ஓட்டை இருக்காது. நம் கடைகளில் ‘கமர்ஷியல்’ என்று கொடுக்கும் எம்ஆர் கிரேடு (ஓரளவு ஈரம் தாங்கும் சாதாரண பிளைவுட்) மலிவு, பழக அது போதும். ஆனால் உள்ளே இடைவெளி இருக்கும், பிளேடு அதில் விழுந்து எழும்போது கை குலுங்கும், மெல்லிய வளைவு அந்த இடத்தில் பிய்ந்துவிடும். பெயர்ப்பலகைக்கு ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளை 6 மிமீ வாங்குங்கள், வாசலில் சாரல் அடித்தாலும் அடுக்கு பிரியாது. பிளைவுட்டின் பசை பிளேடைச் சீக்கிரம் தேய்க்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். எம்டிஎஃப், அதாவது மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை, வெட்ட வெண்ணெய் மாதிரி இருக்கும், ஆனால் அதன் தூள் மிக நுண்மையானது, பசையில் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது. மூடிய பால்கனியில் அதை வெட்டாதீர்கள் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

கட்டை மரம் வேண்டுமென்றால் சில்வர் ஓக்கைத் தேடுங்கள். குடகிலும் சிக்மகளூரிலும் காபித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் மரம். லேசானது, வெட்ட மிருது, மேற்பரப்பில் பின்னல் துணி மாதிரி ஒரு மினுமினுப்பு வரும். தேக்கைப் பற்றி நம் ஆட்களுக்கு ஒரு பக்தி உண்டு, எனக்கும் உண்டு, பேட்டர்னுக்கு அதைப் போல நிலையான மரம் அரிது. ஆனால் தேக்கில் சிலிக்கா இருக்கிறது, மணலை வெட்டுவது மாதிரி பிளேடு தேயும், எண்ணெய்ப் பசை இருப்பதால் ஒட்டும்போது முதலில் ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும். பழைய வீடு இடித்த இடத்தில் கிடைக்கும் தேக்கில் ஆணித் துண்டு புதைந்திருக்கும், காந்தத்தை மேலே ஓட்டிப் பார்க்காமல் மெஷினில் வைக்காதீர்கள். எந்த மரமானாலும் வைரப் பகுதியாக, அதாவது நடுவிலுள்ள முற்றிய பகுதியாகக் கேட்டு வாங்குங்கள், வெளிறு என்ற வெளிப்பகுதி பிறகு பூச்சி பிடிக்கும். இங்கிருந்து 60 கிமீ தூரத்தில் சன்னபட்டணத்தில் பொம்மை கடைவது வெட்பாலை மரத்தில், கன்னடத்தில் ஆலெ மரம் என்பார்கள். தந்தம் மாதிரி வெளுப்பு, நெருக்கமான இழை, ஸ்க்ரோல் சாவுக்கு என்றே பிறந்த மரம் என்று தோன்றும். பெரிய பலகையாகக் கிடைக்காது, குழந்தைகளின் விளையாட்டுப் புதிருக்கு அருமை. ஈட்டி மரத்தை விட்டுவிடுங்கள். அது இருக்கும் டல்பெர்ஜியா இனம் முழுவதுமே 2017-இலிருந்து சைட்டிஸ் என்ற, அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கிறது, அதன் தூளும் பலருக்குத் தோலில் அரிப்பு உண்டாக்கும். ஃபர்னிச்சர் கடையில் மிஞ்சிய சின்னத் துண்டை ரசீதோடு கொடுத்தால் வாங்கலாம், மற்றபடி வேண்டாம்.

எங்கே வாங்குவது என்றால், மரத்துக்கு மைசூர் ரோடு டிம்பர் யார்டு, கன்டோன்மென்ட் பக்கம் பேம்பூ பஜார். முழுப் பலகை கேட்காதீர்கள், ‘கட் பீஸ்’ கேளுங்கள், அந்த மூலையில்தான் நமக்கு வேண்டிய அளவு கிடக்கும். கருவிக்கு எஸ்.ஜே.பி. ரோடு. 2/0 கிடைக்காத நேரத்தில் நகரத்பேட்டைப் பக்கம் பொற்கொல்லர் சாமான் விற்கும் கடைகளில் வாள் பிளேடு கேளுங்கள், அதுவும் கிட்டத்தட்ட அதே 5 அங்குலம்தான், கிளாம்பில் உட்காரும். உலோகத்துக்கான நெருக்கமான பல் என்பதால் 3 மிமீக்கு மேல் மரத்தில் தூள் அடைத்துக் கருகும், ஆனால் பித்தளைத் தகட்டை இரண்டு பிளைக்கு நடுவே வைத்து வெட்ட அதுதான் சரி. கையில் உள்ள மரம் என்னவென்றே தெரியவில்லை என்றால் மல்லேஸ்வரம் 18-ஆவது கிராஸில் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, மரத்தை இனம் காண்பது அவர்கள் வேலைகளில் ஒன்று.

இப்போது உங்கள் பெயர்ப்பலகை. தமிழ் எழுத்து இந்த ரம்பத்துக்கு இணக்கமானது, வளைவுகள் கைக்குச் சுகம், ஆனால் இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். ஒன்று புள்ளி. உதாரணத்துக்கு ‘முத்துக்கிருஷ்ணன்’ என்று வெட்டினால் நான்கு புள்ளிகள் எதனோடும் ஒட்டாமல் தனியாக விழும். ‘பெ’ என்றால் கொம்பு தனி, ‘பா’ என்றால் கால் தனி. இந்தியில் எழுத்துகளுக்கு மேலே ஒரு கோடு ஓடுவதால் சொல் முழுவதும் ஒரே துண்டாக நிற்கும், நமக்கு அந்த வசதி இல்லை. கன்னடத்திலும் கீழே தொங்கும் ஒத்தெழுத்துகள் இதே மாதிரி பிரிந்துபோகும். ஆகவே எழுத்துகளைத் தனித்தனியாக வெட்டி அடிப்பலகையில் ஒட்டுவதே நல்ல வழி. அப்போது இடைவெளி தப்பாமல் ஒட்டுவது எப்படி என்ற கவலை வரும். எல்லா எழுத்தையும் ஒரே பலகையில் வெட்டுங்கள், எழுத்து விழுந்தபின் மிஞ்சும் ஓட்டைப் பலகையைத் தூக்கி எறியாதீர்கள். அதை அடிப்பலகை மேல் வைத்து, அதனதன் குழியில் எழுத்தைப் பசை தடவி இறக்குங்கள், பிளேடு தின்றது அரை மிமீகூட இருக்காது என்பதால் இம்மி பிசகாமல் உட்காரும். பசை இறுகும் முன் ஓட்டைப் பலகையை மேலே தூக்கிவிடுங்கள். புள்ளியை ஸ்க்ரோல் சாவில் வெட்ட முயலாதீர்கள், விரல் பிளேடுக்கு அருகில் போகும். 8 மிமீ உருளைக் குச்சியைக் கைரம்பத்தில் சீவி எடுத்தால் எல்லாப் புள்ளியும் ஒரே அளவில் வரும்.

இரண்டாவது, சுழிகள். ‘ண’, ‘ன’, ‘வ’ போன்றவற்றில் மூடிய வட்டங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் உள்ளே 1.5 மிமீ துளை போட்டு, பிளேடை ஒரு முனையில் கழற்றி அதில் நுழைத்து மாட்டி வெட்ட வேண்டும். உள்வெட்டுகளை எல்லாம் முதலில் முடித்துவிட்டு வெளிக்கோட்டை கடைசியில் வெட்டுங்கள். இந்த வரிசையை நான் ஒருமுறை மீறினேன். மகள் கல்யாணத்துக்கு ஒரு சிக்குக்கோலத் தட்டி வெட்டிக்கொண்டிருந்தேன், மூன்று வார வேலை. வெளிவட்டத்தை முதலில் வெட்டிவிட்டு உள்ளே வந்ததில் பிடிக்க இடமில்லாமல் பலகை துள்ளி நடுவே இரண்டாகப் போனது. எழுத்தின் கோடு 6 மிமீ பிளையில் 5 மிமீ அகலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும், மெல்லிய எழுத்துரு திரையில் அழகாக இருக்கும், மரத்தில் நிற்காது. சிக்குக்கோலம் பெயரைச் சுற்றி ஓரமாகப் போடத் தோதானது, கம்பிகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போவதால் ஒரே துண்டாக நிற்கும், புள்ளிகளை மட்டும் விட்டுவிட வேண்டும்.

கை பழக, நேரே பெயரைத் தொடங்காதீர்கள். ‘ட’, ‘ப’ இரண்டையும் பத்துப் பத்து முறை வெட்டுங்கள், நேர்கோடும் முனைத் திருப்பமும் வந்துவிடும். பிறகு ‘உ’, அதன் பிறகு ‘ண’. திரும்பும் முனையில் தள்ளுவதை நிறுத்தி, பிளேடின் முதுகில் மிக லேசாக மரத்தைச் சாய்த்தபடி பலகையைச் சுழற்றினால் அதே இடத்தில் திரும்பும். பல்லை மரத்தில் அழுத்தியபடி சுழற்றினால் முனை உருண்டுபோகும். அது வரவில்லை என்றால் வெளிப்பக்கம் வீணான பகுதிக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்து முனையைப் பிடியுங்கள், பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. என் தொழிலில் எனக்குக் கற்றுக்கொடுத்த மேஸ்திரி பக்கத்தில் நின்று, ‘ரம்பம் கேட்கிறபோது கொடு’ என்பார். பிளேடு தானே உள்ளே இழுக்கும் வேகம் ஒன்று உண்டு, விரலுக்கு அது புரிந்த நாளில் பிளேடு உடைவதும் பெரும்பாலும் நின்றுவிடும்.

ஒரு மரத்துக்குள் இன்னொரு மரத் துண்டைப் பதிக்கும் பதிப்பு வேலை பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். மைசூர் ஈட்டி மரப் பதிப்பு வேலை பார்த்து ஆசைப்பட்டிருக்கிறீர்கள், நியாயமான ஆசை. வெளுத்த மரம், கறுத்த மரம் இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி, மேஜையைக் கொஞ்சம் சாய்த்து, ஒரே திசையில் சுற்றி வெட்டினால் ஒன்றின் துண்டு மற்றதன் குழியில் ஆப்பு மாதிரி இறுகி உட்காரும். சாய்வு, பிளேடு தின்னும் அகலத்தையும் பலகைத் தடிப்பையும் பொறுத்தது. 0.4 மிமீ வெட்டு, 6 மிமீ பலகை என்றால் நான்கு டிகிரிக்குச் சற்றுக் குறைவு. பேட்டர்ன் மணலிலிருந்து பிசிறில்லாமல் வெளிவர நாங்கள் கொடுத்த சரிவும் இதே தந்திரம்தான். இதை ஆறு மாதம் கழித்துச் செய்யுங்கள்.

சத்தம். காதில் கேட்கும் சத்தத்தைவிட தரை வழியாகப் போகும் அதிர்வுதான் கீழ்வீட்டைத் தொந்தரவு செய்யும். மெஷினை 18 மிமீ பிளையில் போல்ட் போட்டு இறுக்கி, அதன் கீழே தடித்த ரப்பர் பாய் போடுங்கள், மேஜை கனமாக இருக்கட்டும், பால்கனிக் கம்பியில் எதுவும் உரசக் கூடாது. எல்லாத் திருகையும் மாதம் ஒருமுறை இறுக்குங்கள். இதற்குப் பிறகும் கீழே எவ்வளவு கேட்கும் என்பது கட்டடத்தைப் பொறுத்தது. நேரே போய் ஒருமுறை ஓடவிட்டுக் கேட்கச் சொல்லி, எந்த நேரம் தொந்தரவில்லை என்று அவர்களிடமே கேட்டுவிடுங்கள், மதியத் தூக்கமும் இரவும் வேண்டாம்.

தூள் விஷயத்தில் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் 1995-இலேயே வைத்துவிட்டது. பல வருடம் ஆலைகளில் தூளில் நின்றவர்களைப் பார்த்து எடுத்த முடிவு அது, வாரத்தில் நான்கு மணி நேரம் வெட்டும் உங்களுக்கு அதே அளவு ஆபத்து என்று சொல்ல வரவில்லை. ஆனாலும் என்95 முகக்கவசம், கண்ணாடி இரண்டும் இல்லாமல் சுவிட்சைப் போடாதீர்கள். மின்விசிறியை உங்கள் முதுகுப் பக்கம் வைத்து வெளியே தள்ள விடுங்கள், துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள். பிளேடு உடைந்தால் மேல்துண்டு குத்தியபடி ஏறி இறங்கும், கையை எடுத்துவிட்டு சுவிட்சை அணைத்து, நின்ற பிறகு தொடுங்கள்.

பூச்சுக்கு, வீட்டுக்குள் வைப்பதென்றால் அரக்குத் தகடுகளை ஸ்பிரிட்டில் இரவு முழுக்க ஊறவைத்து மெல்லிதாக மூன்று கோட்டு. வாசலுக்கு அது தாங்காது, வெளிப்புறத்துக்கான பாலியூரிதேன் அடியுங்கள். ஆளிவிதை எண்ணெய் பூசினால் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள், தானே சூடாகித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து விரித்துக் காயவிடுங்கள்.

மெஷினை மாற்றவே வேண்டிய நிலையும் உண்டு. மெஷினின் மேற்கையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் தளதளவென்று ஆடினால், அல்லது புது பிளேடு பளிச்சென்று சுருதி கொடுத்தும் வெட்டும்போது இடம் வலமாக நடுங்கினால், புஷ் (கை அசையும் மூட்டில் இருக்கும் வளையம்) தேய்ந்திருக்கிறது, இரண்டு மாத மெஷின் என்பதால் வாரண்டியில் கேளுங்கள். மற்றபடி ஒரு டஜன் 3-ஆம் நம்பர், ஒரு டஜன் 5-ஆம் நம்பர் ரிவர்ஸ் டூத் வாங்கி, முனையைத் துடைத்து மாட்டி, இரண்டு ஞாயிறு ‘ட’வும் ‘ப’வும் வெட்டிவிட்டு எழுதுங்கள். உடைந்த பிளேடுகளை எறியாமல் டப்பாவில் போட்டுவைத்து, கிளாம்ப் ஓரம் எத்தனை, நடுவில் எத்தனை என்று எண்ணிச் சொல்லுங்கள். கிளாம்பின் வாய் தெரியும்படி ஒரு படமும் போடுங்கள்.